சட்டம் நடக்கிறதா என்று பார்ப்பது யார்?

சட்டம் எழுதப்படுவது ஒன்று, அது கந்தோரில் நடப்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை நமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இருந்தும் நிவாரணம் கிடைக்காதவர்களும், காணி அனுமதிப் பத்திரம் கையில் இருந்தும் பல மாதங்கள் நடையாய் நடந்தவர்களும் உங்களுள் இருக்கிறீர்கள். நமது கூட்டங்களில் எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு: "சுவாமி, சட்டம் கிடக்கட்டும். அதின்படி நடக்கினமோ எண்டு ஆர் பார்க்கிறது?"

நல்ல கேள்வி. அரசு சட்டம் இயற்றுகிறது, திணைக்களங்கள் அதை நடத்துகின்றன. அத்திணைக்களங்கள் ஒழுங்காக நடத்துகின்றனவா என்று ஆராய்ந்து, கண்டதை எழுதி, அரசுக்கும் மக்களுக்கும் சொல்லுவதற்கென்றே அரசு ஓர் அலுவலகத்தை வைத்தால் அது எப்படி இயங்கும்? அதற்குத் தலைமை தாங்குபவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் குடியியல் உரிமைகள் ஆணைக்குழுவின் வரலாற்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம். அந்த நாட்டைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காக அல்ல. அங்கே அநீதிக்கு ஆளானவர்களில் பெரும் பகுதியினர் காணியில் உழைத்த கறுப்பின விவசாயிகள் என்பதற்காகவும், அவர்களுடைய கதையில் ஒரு பகுதி நன்றாகவும் ஒரு பகுதி மிகவும் மோசமாகவும் முடிந்தது என்பதற்காகவுமே இதைத் தெரிந்தெடுத்தோம்.

தண்டிக்க முடியாத ஒரு சபை

1957ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட குடியியல் உரிமைகள் சட்டத்தின் கீழ் இந்த ஆணைக்குழு பிறந்தது. ஆறு உறுப்பினர்கள். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்குக் கொடுக்கப்பட்ட ஆயுள் இரண்டே ஆண்டுகள். பின்னர் அது திரும்பத் திரும்ப நீடிக்கப்பட்டது. ஆணைக்குழுவால் எவரையும் சிறையில் போட முடியாது, அபராதம் விதிக்க முடியாது, ஓர் அதிகாரியை இடம் மாற்றக்கூட முடியாது. சாட்சிகளுக்கு அழைப்பாணை அனுப்பலாம், பதிவேடுகளைக் கேட்கலாம், விசாரித்துக் கண்டதை எழுதலாம், பரிந்துரை செய்யலாம். அவ்வளவுதான். அதை அமைத்தவர்களிலேயே சிலர், பிரச்சினையைக் குழுவின் தலையில் கட்டிவிட்டால் கொஞ்ச நாள் சத்தமில்லாமல் இருக்கும் என்று எண்ணியிருக்கக் கூடும். நமக்கும் பழக்கமான தந்திரம்தானே.

முதல் தலைவர் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்த ஜோன் ஹன்னா. உறுப்பினர்களில் ஒருவர் தியடோர் ஹெஸ்பேர்க் என்னும் கத்தோலிக்கக் குரு, நொற்றடாம் பல்கலைக்கழகத்தின் தலைவர். ஏர்னஸ்ற் வில்கின்ஸ் ஒருவரே கறுப்பினத்தவர். ஏனையோரில் தென் மாநிலங்களைச் சேர்ந்த வெள்ளையர்களும் இருந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிப்பதையே விரும்பாத மாநிலங்கள் அவை.

1958 டிசெம்பரில் அலபாமாவின் மொன்ற்கொமறி நகரில் ஆணைக்குழு தன் முதலாவது பகிரங்க விசாரணையை நடத்தியது. வில்கின்சையும் மற்றவர்களையும் ஒன்றாகத் தங்கவைக்க அந்நகரின் ஹோட்டல்கள் ஆயத்தமாக இல்லாததால், அருகிலிருந்த விமானப்படைத் தளத்தில் அவர்கள் தங்கினார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள், சொந்தக் காணி வைத்து வரி கட்டி வந்த விவசாயிகள். வாக்காளர் பட்டியலில் தம் பெயரைப் பதியப் போய், பல மணி நேரம் காத்திருந்து, படிவம் நிரப்பி, பதிலே வராமல் ஆண்டுக்கணக்கில் இருந்த கதையைச் சொன்னார்கள். ஜோர்ஜ் வொலஸ் என்னும் உள்ளூர் நீதிபதி வாக்காளர் பதிவேடுகளைக் காட்ட மறுத்துவிட்டார். மத்திய நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவற்றை ஆணைக்குழுவினர் பார்க்க முடிந்தது. இதே வொலஸ் பின்னர் 1963இல் அந்த மாநிலத்தின் ஆளுநரானார்.

அடுத்த ஆண்டு லூசியானாவில் நடக்கவிருந்த விசாரணையை உள்ளூர்ப் பதிவாளர்கள் வழக்குப் போட்டு நிறுத்தினார்கள். எங்கள்மேல் புகார் செய்தவர்கள் யார் என்று பெயர் சொல்லுங்கள், அவர்களை நாங்கள் குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த ஊர்களில் புகார் செய்தவனின் பெயர் வெளியே வந்தால் அவனுக்கு என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1960இல் தீர்ப்பு வந்தது. ஆணைக்குழு நீதிமன்றம் அல்ல, அது யாரையும் குற்றவாளியாகக் காண்பதில்லை, உண்மையை மட்டும் கண்டறிகிறது, ஆகவே புகார் செய்தவர்களின் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். தண்டிக்கும் அதிகாரம் இல்லாததே புகார் செய்தவர்களுக்குப் பாதுகாப்பாக அமைந்தது. இதை நீங்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

1959 கோடையில் உறுப்பினர்கள் அறிக்கையின் பரிந்துரைகளை முடிவு செய்யவேண்டி வந்தது. ஹெஸ்பேர்க் அடிகளார் அவர்களை வட பகுதியில் ஏரிக் கரையில் இருந்த தம் பல்கலைக்கழகத்தின் ஓய்விடத்துக்கு அழைத்துச் சென்றார். மீன் பிடித்தார்கள், ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். அன்று மாலை, தெற்கும் வடக்குமாகப் பிரிந்திருந்தவர்கள் பெரும்பாலான பரிந்துரைகளில் உடன்பட்டார்கள். இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லுவார்கள். ஆனால் அதற்கு முன்பு அவர்களில் பெரும்பாலோர் மொன்ற்கொமறியில் அதே சாட்சிகளைத் தம் காதால் கேட்டிருந்தார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது. மீன் மட்டும் அந்த உடன்பாட்டைக் கொண்டுவரவில்லை.

அந்த ஆண்டுகளில் ஆணைக்குழு எழுதிய பரிந்துரைகளில் பல, 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டத்திலும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றன. 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பகுதி, அரசின் பணத்தைப் பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம் பார்த்து ஒருவரை ஒதுக்கக்கூடாது என்கிறது. மீறினால் பணத்தை நிறுத்தலாம். பாதை, பாடசாலை, வைத்தியசாலை, விவசாயக் கடன் எல்லாம் இதற்குள் வந்துவிட்டன.

விவசாயக் கந்தோரில் கண்டது

1965இல் ஆணைக்குழு விவசாயத் திணைக்களத்தின் சேவைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. நமக்கு மிகவும் பிரயோசனமானது இதுவே. எனவே சற்று நின்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 'கவுண்டி' எனப்படும் சிறு மாவட்டம் ஒவ்வொன்றிலும் விவசாயத் திணைக்களத்தின் கந்தோர்கள் இருந்தன. போதனாசிரியர் ஒருவர் விதை, உரம், நோய் பற்றி ஆலோசனை சொல்லுவார். கடன் கந்தோர் ஒன்று விதைப்புக்கும் காணி வாங்குவதற்கும் கடன் கொடுக்கும். உள்ளூர் விவசாயிகள் அடங்கிய குழுக்கள் யாருக்கு எவ்வளவு என்பதில் பங்கெடுக்கும். வெளித்தோற்றத்துக்கு மிகவும் சனநாயகமான ஏற்பாடு. ஆணைக்குழுவின் உத்தியோகத்தர்கள் தென் மாநிலங்களின் கவுண்டிகளுக்குப் போய்ப் பார்த்தபோது, கறுப்பினப் போதனாசிரியர்கள் வேறு கட்டடத்தில், குறைந்த சம்பளத்தில், குறைந்த பயிற்சியோடு வைக்கப்பட்டிருந்தார்கள். கறுப்பின விவசாயிக்கு உரிய ஆலோசனை அவர்கள் ஊடாகவே போகவேண்டும். புதிய தொழில்நுட்பம் எல்லாம் வெள்ளையர் கந்தோரில் இருந்தது. உற்பத்தி ஒதுக்கீடுகளை நிர்வகித்த கவுண்டிக் குழுக்களில் கறுப்பர் உறுப்பினராகவே இருக்கவில்லை.

கடன் விடயத்தில் ஆணைக்குழு கையாண்ட முறையே முக்கியமானது. கறுப்பருக்குக் குறைவாகக் கடன் கொடுக்கிறீர்களே என்று கேட்டால் அதிகாரி என்ன சொல்லுவார்? அவர்கள் ஏழைகள், காணி குறைவு, திருப்பிக் கட்ட முடியாது, அதனால்தான் என்பார். இந்தப் பதிலோடு பல முறைப்பாடுகள் செத்துப் போகும். ஆணைக்குழுவினர் அதை விடவில்லை. கடன் வாங்கியவர்களின் கோவைகளை எடுத்து, ஒரே அளவு சொத்துள்ள வெள்ளை விவசாயியையும் கறுப்பு விவசாயியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தபோதும் வெள்ளையருக்குக் கூடுதலான தொகை கிடைத்திருந்தது. கடன் எதற்காக என்பதிலும் வேறுபாடு இருந்தது. வெள்ளையர் பெற்ற கடன் காணி வாங்கவும் பண்ணையை விருத்தி செய்யவும் பயன்பட்டது. கறுப்பர் பெற்றது பெரும்பாலும் அந்த ஆண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கும் விதை, உரச் செலவுக்குமாக இருந்தது. ஒருவனுக்குக் கொடுத்த கடன் அவனை நிமிர்த்தியது. மற்றவனுக்குக் கொடுத்த கடன் அடுத்த ஆண்டும் அதே படியில் வந்து நிற்க வைத்தது.

நெல்லை நெல்லோடும் தினையைத் தினையோடும் வைத்து அளப்பது என்று இதை நாம் சொல்லலாம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. பொறுமையும் பதிவேடும் தேவை.

"புகார் ஒன்றும் வரவில்லையே"

1969இல் ஹெஸ்பேர்க் அடிகளார் ஆணைக்குழுவின் தலைவரானார். அப்போது சட்டங்கள் எல்லாம் வந்தாயிற்று. இனி ஆணைக்குழுவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்டார்கள். அவரும் உத்தியோகத்தர்களும் எடுத்துக்கொண்ட வேலை, சட்டங்களை நடத்தவேண்டிய மத்திய அரசின் திணைக்களங்களையே ஒவ்வொன்றாகப் பரிசோதிப்பது. அரசின் பணத்தில் இயங்கும் சபை, அரசையே பரிசோதித்தது. 1970 ஒக்ரோபரில் வெளிவந்த அந்த அறிக்கை ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. நாற்பது அளவிலான திணைக்களங்களும் முகவரகங்களும் அதில் ஆராயப்பட்டன. சட்டங்களை அமுல்படுத்தும் வேலை பெரிய அளவில் பழுதுபட்டுக் கிடக்கிறது என்பதே அதன் முடிவு.

எப்படிப் பரிசோதித்தார்கள்? அவர்கள் கேட்ட கேள்விகளை நமது மொழியில் சொன்னால் இப்படி இருக்கும். இந்தத் திணைக்களத்தில் சம உரிமைக்குப் பொறுப்பாக ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் அவருக்கு மேலதிகாரியின் அறைக்குள் நேரே போகும் தகுதி உண்டா, அல்லது மூலையில் ஒரு மேசை மட்டுமா? போதிய உத்தியோகத்தர்கள் உண்டா? சேவை யார் யாருக்குப் போகிறது என்று இனவாரியாகக் கணக்கு வைத்திருக்கிறார்களா? எந்தத் திகதிக்குள் எவ்வளவு திருத்துவோம் என்று இலக்கு வைத்திருக்கிறார்களா? மீறியவர்களுக்குப் பணத்தை உண்மையில் ஒரு முறையாவது நிறுத்தியிருக்கிறார்களா, அல்லது கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறார்களா?

இவை எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி: புகார் வரும்வரை காத்திருக்கிறார்களா, தாங்களாகப் போய்ப் பார்க்கிறார்களா? பல திணைக்களங்கள், எங்களுக்கு முறைப்பாடு வரவில்லை, ஆகவே பிரச்சினை இல்லை என்று சொல்லின. ஆணைக்குழு இதை ஏற்கவில்லை. அதிகம் பாதிக்கப்பட்டவனே குறைவாகப் புகார் செய்கிறான். படிவம் எங்கே என்று அவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அடுத்த போகத்துக்கு அதே அதிகாரியிடம்தான் போய் நிற்கவேண்டும். முகாம்களில் வேலை செய்த எவருக்கும் இது விளங்கும். ஒரு முகாமிலிருந்து முறைப்பாடே வருவதில்லை என்றால் அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாம் முடிவு கட்டுவதில்லை. அங்கேதான் முதலில் போய்ப் பார்ப்போம்.

தேர்தல் நெருங்கிய நேரம். அறிக்கையைத் தேர்தலுக்குப் பிறகு வெளியிடலாமே என்று வெள்ளை மாளிகையிலிருந்து கேட்கப்பட்டது. தலைவர் இணங்கவில்லை. அறிக்கை குறித்தபடி வெளிவந்தது.

வெளியிட்டதோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. இதுவே நமக்குப் பெரிய பாடம் என்று நினைக்கிறோம். ஏழு மாதம் கழித்து, 1971 மே மாதத்தில் திரும்பிப் போய், சொன்னதில் எதைச் செய்தீர்கள் என்று பார்த்து இன்னோர் அறிக்கை. அதே ஆண்டு நவெம்பரில் மேலும் ஒன்று. 1973 தொடக்கத்தில் மறுபடியும் ஒன்று. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புள்ளி போடுவதுபோலத் திணைக்களங்களுக்குத் தரம் போட்டார்கள். செயலாளர்களுக்கு இது கசந்தது. ஆனால் அடுத்த முறை வருவார்கள் என்று தெரிந்தபோது சில கந்தோர்களில் ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள், கணக்குகள் எடுக்கப்பட்டன. ஒரு தரம் வந்து படம் எடுத்துப் போகும் குழுவுக்கு யாரும் பயப்படுவதில்லை.

1970களில் ஆணைக்குழுவுக்குள் இந்த மதிப்பீட்டு வேலைக்கென்றே தனி அலுவலகம் இயங்கியது. அத்தகைய அலுவலகத்தின் வேலைமுறையில் ஓர் ஒழுங்கு உண்டு. சட்டத்தைப் படிப்பார்கள். கேள்விக் கொத்து அனுப்புவார்கள். தலைநகரில் உள்ள பெரியவர்களை மட்டுமன்றி வெளி மாவட்டக் கந்தோர்களில் உள்ளவர்களையும் கண்டு பேசுவார்கள். எழுதிய வரைவைச் சம்பந்தப்பட்ட திணைக்களத்துக்கே அனுப்பி, இதில் தகவல் பிழை இருந்தால் காட்டுங்கள் என்று கேட்பார்கள். அதன்பின் உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டால்தான் வெளியீடு. எதிராளிக்கு முதலே காட்டுவதா என்று நீங்கள் கேட்கலாம். அறிக்கையை அடித்து வீழ்த்த ஒரே ஒரு பிழையான எண்ணிக்கை போதும். அந்த வாய்ப்பை முன்கூட்டியே அடைத்துவிடுவதுதான் இதன் நோக்கம்.

தலைவரின் நாற்காலி

இப்படி ஒரு சபைக்குத் தலைமை தாங்குபவரை அரசு விரும்புமா? 1972 நவெம்பரில் ஜனாதிபதி நிக்சன் இரண்டாம் முறை வெற்றி பெற்றார். அதே மாதத்தில் ஹெஸ்பேர்க் அடிகளாரிடம் பதவி விலகும்படி கேட்கப்பட்டது. ஆரம்பம் முதல் பதினைந்து ஆண்டுகள் ஆணைக்குழுவில் இருந்த அவர் விலகிப் போனார். அவருக்குப் பல்கலைக்கழகம் இருந்தது, பிழைப்புக்கு இந்த நாற்காலியை நம்பியிருக்கவில்லை. இத்தகைய பதவிக்கு வருபவருக்குப் போவதற்கு வேறோர் இடம் இருப்பது நல்லது என்று நாம் நினைப்பதுண்டு. பதவியை இழந்தால் எல்லாம் போய்விடும் என்று இருப்பவர் மென்மையாகவே எழுதுவார்.

பின்னர் ஆர்தர் பிளெமிங் தலைவரானார். ஐசன்ஹோவர் காலத்தில் அமைச்சராயிருந்த, ஆளும் கட்சியைச் சேர்ந்த முதியவர். ஜனாதிபதி றேகனின் காலத்தில் அவரும் நீக்கப்பட்டார். 1983இல் மேலும் மூன்று உறுப்பினர்களை றேகன் நீக்க முயன்றபோது அவர்களில் மேரி பிரான்சிஸ் பெரி உட்பட இருவர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இழுபறியின் முடிவில் அந்த ஆண்டுக் கடைசியில் புதுச் சட்டம் வந்தது. எட்டு உறுப்பினர்கள், நால்வரை ஜனாதிபதியும் நால்வரைக் கொங்கிரசும் நியமிப்பது என்று ஏற்பாடாயிற்று. காகிதத்தில் இது சமநிலை. நடைமுறையில் இரு பக்கமும் தத்தம் ஆட்களைப் போட்டு, வாக்கு நாலுக்கு நாலாகப் பிரிந்து நிற்கும் நிலை பிற்காலத்தில் பல முறை வந்தது. முந்தின சபையில் தெற்கத்தியரும் வடக்கத்தியரும் ஏரிக் கரையில் உடன்பட்டார்கள் என்றோமே, அந்தக் காலத்து ஆணைக்குழுவின் குரலுக்கு இருந்த மதிப்பு திரும்ப வரவில்லை என்பதே நமது கணிப்பு.

கோவைகள் தூங்கிய பதின்மூன்று ஆண்டுகள்

இனி விவசாயிகளிடம் திரும்புவோம். 1920இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 9 இலட்சத்து 26 ஆயிரம் கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். 1982இல் எஞ்சியவர்கள் 33 ஆயிரத்துச் சொச்சம். இதற்குப் பாகுபாடு மட்டும் காரணம் அல்ல. பருத்திக்கு இயந்திரம் வந்தது, இலட்சக்கணக்கானோர் வடக்கே நகரங்களுக்குப் போனார்கள், மரண சாதனம் எழுதாமல் விட்ட முதுசக் காணியில் ஒரு பங்கை வெளியார் வாங்கி முழுக் காணியையும் ஏலத்தில் விற்க வைத்தார்கள். (பிரிக்காத பங்குக் காணி வைத்திருப்போர் இந்த அடைப்புக்குறிக்குள் உள்ளதை இரண்டு தரம் வாசியுங்கள்.) வெள்ளை விவசாயிகளும் குறைந்தார்கள். ஆனால் கறுப்பர் குறைந்த வேகம் வெள்ளையரைப் போல் இரண்டரை மடங்கு என்று 1982இல் ஆணைக்குழு தன் அறிக்கையில் காட்டியது. அரசின் விவசாயக் கடன் கந்தோர் இந்த வீழ்ச்சியைத் தடுப்பதற்குப் பதிலாக அதற்குத் துணைபோயிருக்கிறது என்றும் எழுதியது.

அறிக்கை வந்த அடுத்த ஆண்டு நடந்தது என்ன? 1983இல் விவசாயத் திணைக்களம் பாகுபாட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் தன் பிரிவையே கலைத்துவிட்டது. முறைப்பாட்டுப் படிவங்கள் தொடர்ந்து வாங்கப்பட்டன. விவசாயி பதிலுக்குக் காத்திருந்தார். உள்ளே விசாரிக்க ஆள் இல்லை. 1996, 1997 வரை இப்படியே போயிற்று.

அந்தக் காலத்தில் வெளியே நடந்தவற்றைப் பிறகு வந்த வழக்கில் விவசாயிகள் சொன்னார்கள். வசந்த கால விதைப்புக்குக் கேட்ட கடன் விதைப்பு முடிந்த பிறகு வந்தது. கேட்டதில் ஒரு பகுதியே கிடைத்தது. கிடைத்த பணமும் அதிகாரியின் கையொப்பம் இல்லாமல் எடுக்க முடியாத கணக்கில் போடப்பட்டது. பெரும்போக விதைப்புக்குக் கேட்ட கடன் தை மாதத்தில் வந்தால் அதை வைத்து என்ன செய்வது? அறுவடை இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சும், பிறகு காணி போகும்.

1997இல் தொடரப்பட்ட 'பிக்போர்ட்' வழக்கு 1999 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தில் முடிந்தது. வழக்குப் போடும் கால எல்லை கடந்துவிட்டதால் கொங்கிரஸ் 1998இல் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி வழி திறக்க வேண்டியிருந்தது. இணக்கத்தின்படி பெரும்பாலானோர் தெரிந்தெடுத்த வழியில், கோரிக்கை நிரூபிக்கப்பட்டால் 50,000 டொலரும் கடன் தள்ளுபடியும் கிடைக்கும். நிரூபிப்பது எப்படி? தன்னைப் போன்ற நிலையிலிருந்த ஒரு வெள்ளை விவசாயிக்குத் தன்னைவிட நல்ல கவனிப்புக் கிடைத்தது என்று காட்ட வேண்டும். 1965இல் ஆணைக்குழு செய்த அதே ஒப்பீடு. ஆனால் இப்போது கோவைகளைப் புரட்டும் அதிகாரம் இல்லாத தனி விவசாயி, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய அயலவனின் கடனைப் பற்றிச் சொல்லவேண்டியிருந்தது. ஏறத்தாழ 22,700 கோரிக்கைகளில் சுமார் 15,600 ஏற்கப்பட்டன. ஏனையவை தள்ளுபடியாயின. செய்தி தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால் திகதி கடந்து விண்ணப்பித்தவர்கள் மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்போது சேர்க்கப்படவில்லை. 2010இல் அவர்களுக்காக 115 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. 2021இல் கொண்டுவரப்பட்ட கடன் நிவாரணம் வெள்ளை விவசாயிகள் தொடர்ந்த வழக்குகளால் தடைப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. 2022இல் வேறு முறையில் 220 கோடி டொலர் ஒதுக்கி, 2024 ஜூலையில் சுமார் 43 ஆயிரம் பேருக்குப் பணம் வழங்கப்பட்டது.

1965இலிருந்து எண்ணிப் பாருங்கள். அறிக்கை எழுதியவர்கள் சொன்னது சரி என்று நாடு ஒப்புக்கொண்டு காசு கொடுக்க ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள். அதற்குள் பெரும்பாலோரின் காணி கைமாறிவிட்டது. பணம் வந்தது, காணி வரவில்லை. அப்படியானால் அந்த அறிக்கைகளால் என்ன பயன் என்று கேட்பவரை நாம் குறை சொல்லமாட்டோம். ஒன்று மட்டும் சொல்லலாம். பின்னால் வந்தவர்கள் நீதிமன்றத்தில் நின்றபோது, இது அண்மையில் கட்டிய கதை அல்ல, அரசின் சொந்த ஆணைக்குழுவே பல ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்தது என்று காட்ட முடிந்தது.

நமது பக்கத்தில்

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட மனித உரிமைகள் ஆணைக்குழுவும் இவ்வகையைச் சேர்ந்ததே. அது விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், தண்டிக்க முடியாது. பரிந்துரையை ஓர் அதிகாரி நிறைவேற்றாவிட்டால் ஆணைக்குழு ஜனாதிபதிக்கு முழு அறிக்கை அனுப்பவேண்டும், அது பாராளுமன்றத்தின் முன் வைக்கப்படவேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது. அங்கு போனால் ஒன்றும் நடக்காது என்று சொல்லும் அன்பர்களும், போனால் எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணும் அன்பர்களும் மேலே சொன்ன வரலாற்றைத் தங்களுக்குள் பேசிப் பார்க்கலாம்.

மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ இப்பாடத்தைக் குழுவாக வாசிப்பவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்கள் பகுதியில் அண்மையில் வழங்கப்பட்ட ஓர் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டுத் திட்டம், கிணறு திருத்தம், விதைநெல் என எதுவாகவும் இருக்கலாம். கிடைத்த குடும்பம் ஒன்றையும் கிடைக்காத குடும்பம் ஒன்றையும் தெரியுங்கள். இருவருக்கும் காணி அளவு, பிள்ளைகள் தொகை, இடம்பெயர்ந்த ஆண்டு, வருமானம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். பெண் தலைமை தாங்கும் குடும்பமானால் மற்றதும் அப்படியே இருக்கட்டும். இருவரும் எந்தத் திகதியில் விண்ணப்பித்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், என்ன பதில் வந்தது என்பதை ஒரு கொப்பியில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். வாய்ச் சொல்லை வாய்ச் சொல் என்றும், கடிதத்தைக் கடிதம் என்றும் பிரித்து எழுதுங்கள். ஒரு சோடி போதாது, பத்துச் சோடியாவது வேண்டும். வேறுபாடு ஒன்றும் தெரியாவிட்டால் அதையும் அப்படியே எழுதிவையுங்கள்.

எழுதி முடிந்ததும் கிராம அலுவலருக்கோ பிரதேச செயலருக்கோ முதலில் காட்டி, இதில் பிழை உண்டா என்று கேளுங்கள். அவர் சொல்லும் விளக்கத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தின் பின் அதே கொப்பியோடு மறுபடியும் போங்கள். விண்ணப்பத்தின் பிரதி, பற்றுச்சீட்டு, பதிவுத் தபால் துண்டு ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் போட்டு, இன்னொரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். ஓடும்போது எதை எடுத்தோம், எதை விட்டோம் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.